நாலரை மணிக்கு மேல்

மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் அரக்கோணம் வண்டி ஏறும்போது என் கையில் ஒரு யூரியா சாக்கு இருந்தது. உள்ளே முப்பத்துநாலு ரோலர். அண்ணா நகர்ப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பெயின்ட் வேலை முடிந்து, கணக்குப் பார்த்துக் காசு வாங்கிக்கொண்டு கிளம்புகிற நேரம், குப்பைத் தொட்டி ஓரத்தில் குவித்துப் போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் ஈரம்கூடக் காயவில்லை. எதுவும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் சுவரில் ஓடியதில்லை. மனசு கேட்கவில்லை, அள்ளிப் போட்டுக்கொண்டேன். ஆவடி வருவதற்குள் எதிர் சீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். திருவள்ளூரில் கூட்டம் இறங்கிய பிறகுதான் காலை நீட்ட முடிந்தது. கடம்பத்தூர், மணவூர், அப்புறம் எங்கள் திருவாலங்காடு.

மறுநாள் காலை, தெரிந்த பெரியவர் ஒருவரின் பம்ப்செட் தொட்டியில் சாக்கைக் கொட்டினேன். தண்ணீர் கொட்டுகிற வேகத்தில் ரோலரைப் பிடித்தால் போதும், கழுவக்கூட வேண்டாம், தானே கழன்று போனது. பத்துப் பன்னிரண்டு முடித்திருப்பேன். கரும்புக் கொல்லைப் பக்கத்திலிருந்து பெரியவர் மண்வெட்டியோடு வந்தார்.

"இன்னாடா இது, என் கொல்லைக்குப் பால் பாய்ச்சுறியா?"

வாய்க்கால் முழுக்க வெள்ளை. வரப்பு ஓரப் புல்லில்கூட ஒரு கோட் அடித்தமாதிரி இருந்தது. அவர் மோட்டாரை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு பேசியதை எழுத முடியாது. எனக்கு அப்போது இருபது வருஷம் சர்வீஸ். கழுவி எடுத்து வைப்பதில் என்னை அடிக்க ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன். ரோலரில் இருந்ததை வாய்க்காலில் விட்டிருக்கிறேன், வேறொன்றும் செய்யவில்லை. இந்தப் பக்கத்துத் தண்ணீர் எங்கே போகும்? கொசஸ்தலை ஆற்றுக்கு. அது 1944இல் கட்டிய பூண்டி ஏரிக்கு. அங்கிருந்து சென்னைக்கு. அண்ணா நகரில் தூக்கிப் போட்டதை ரயிலில் சுமந்து வந்து, திரும்ப அவர்கள் குழாய்க்கே அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

என் மேஸ்திரி இருந்திருந்தால் மண்வெட்டியை அவரே வாங்கியிருப்பார்.

அவருக்கு நகரி பக்கம். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவர் பிள்ளைகள் நைனா என்று கூப்பிட, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். 1988இல் நான் சேர்ந்தபோது எங்கள் பக்கத்தில் பெயின்ட் என்றால் கதவு ஜன்னலுக்குத்தான். சுவருக்குச் சுண்ணாம்பு. கல் சுண்ணாம்பை டிரம்மில் தாளித்து, பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சி, துளி நீலம். அடிப்பதற்குப் பிரஷ் கிடையாது, மட்டைதான். பனை மட்டையின் அடிப்பக்கத்தை ஊறவைத்து, கல்லில் வைத்துத் தட்டி, நாராக்கிக் கட்டிக்கொள்வோம். வேலை முடிந்ததும் அலசி வெயிலில் போட்டால் மறு வருஷத்துக்கும் ஆகும். தேய்ந்துபோனால் அடுப்புக்கு. குப்பை என்று ஒன்று அந்த வேலையில் மிஞ்சியதாக எனக்கு நினைவில்லை.

பிரஷ்ஷை வைத்தே சுண்ணாம்பு அடித்தால் சீக்கிரம் முடியுமே என்று ஒருநாள் கேட்டேன். "சுண்ணாம்பு முடியைத் தின்னுடும்டா" என்றார். அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று விளக்குகிற வழக்கம் அவருக்கு இல்லை.

அதை நான் என் காசில் கற்றுக்கொண்டேன். தனியாக வேலை எடுக்க ஆரம்பித்த புதிதில், எனாமல் இறுகிக் கல்லாகிப்போன நாலு இஞ்சுப் பன்றிமுடி பிரஷ் ஒன்று இருந்தது. காஸ்டிக் சோடாவில் ஒரு ராத்திரி போட்டால் புதுசாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். போட்டேன். காலையில் பெயின்ட் போயிருந்தது உண்மைதான். கூடவே முடியும் போயிருந்தது. தகரப் பட்டைக்குள்ளிருந்து கஞ்சிபோல ஒழுகியது. கையில் மிஞ்சியது கட்டை மட்டும். கொஞ்ச நாள் கழித்து ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் இடத்தில் சுவர் வேலைக்குப் போனேன். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டால், முடி கழல்வதற்கு என்றார்கள். அந்தத் தொட்டி ஓரத்தில் நின்றபோதுதான் நைனா சொன்னது புரிந்தது. காரம் எதுவாக இருந்தாலும் முடிக்கு ஆகாது. சுண்ணாம்புக்கு நார், எண்ணெய் பெயின்ட்டுக்கு முடி என்று யாரோ எப்போதோ பிரித்து வைத்ததை அவர் காரணம் கேட்காமல் காப்பாற்றி வந்திருக்கிறார்.

நைனாவிடம் வேலை ஐந்து மணி வரை. ஆனால் நாலரைக்குக் கை நின்றுவிடும். சுவர் பாதியில் இருந்தாலும் சரி, வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் சரி. அந்த அரை மணி கழுவுவதற்கு. "கூலி அஞ்சு மணி வரைக்கும், வேலை நாலரை வரைக்கும்" என்பார். அந்த அரை மணியும் கூலிக்குள் அடங்கியது. இப்போது சதுர அடிக் கணக்கு. அடித்த அடிக்குக் காசு. பிரஷ் கழுவுவது எந்தச் சதுர அடியில் வரும்? நாலரைக்கு நிறுத்தினால் அம்பது அடி நஷ்டம், ஐந்துக்கு மேல் கழுவினால் ஐந்தேமுக்கால் வண்டி போய்விடும். போதாததற்கு, சாமானெல்லாம் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுப்பது என்று பழக்கமாகிவிட்டது. தன் காசில் வாங்காத பிரஷ்ஷை எவன் கழுவுவான்? பையன்களுக்குப் பொறுப்பில்லை என்று என் வயசுக்காரர்கள் புலம்புவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. கழுவுகிற நேரத்துக்குக் கூலி கொடுத்துப் பாருங்கள், அவன் பொறுப்பு தானாக வரும்.

கணக்கை நேராகவே போட்டுவிடலாம். நான் சேர்ந்தபோது என் கூலி நாளைக்குப் பதினைந்து ரூபாய். நல்ல நாலு இஞ்சு பிரஷ் இருபத்திரண்டு, இருபத்துமூன்று. அதாவது ஒன்றரை நாள் கூலி. இன்று என் கூலி ஆயிரம், அதே பிரஷ் நூற்றெண்பது. ஒன்றரை மணி நேரக் கூலி. அரை மணி செலவழித்து அதைக் கழுவுகிறவனைக் கஞ்சன் என்று சொல்லலாம், பைத்தியக்காரன் என்றும் சொல்லலாம். காசை மட்டும் பார்த்தால், மூன்று தடவை கழுவியதும் பிரஷ்ஷின் விலை போய்விடுகிறது.

ஆனாலும் கழுவுகிறேன். காரணம் சிக்கனம் இல்லை. புதுப் பிரஷ் வேலை தெரியாத பையன் மாதிரி. முதல் நாள் முடி உதிர்க்கும், உதிர்ந்த முடி எனாமலில் ஒட்டிக்கொள்ளும், அதைக் கத்தி முனையால் எடுத்தால் அந்த இடத்தில் வடு. நுனியும் சதுரமாக, மொண்ணையாக இருக்கும். பத்து வீடு பார்த்த பிரஷ்ஷுக்கு நுனி இரண்டு பக்கமும் தேய்ந்து உளி மாதிரி வந்திருக்கும். சுவரும் சீலிங்கும் சேருகிற மூலையில் கட்டிங் எடுக்க அதுதான் வேண்டும். டேப் ஒட்டாமல் நேர்கோடு வரும். அந்தத் தேய்மானத்தை எந்தக் கடையிலும் விற்பதில்லை. பன்றிமுடியின் நுனி இயற்கையாகவே கிளை பிரிந்திருக்கும், அதில்தான் பெயின்ட் நிற்கிறது. அது கழுவாமல் இறுகினால் அத்தனை வீட்டுத் தேய்மானமும் போச்சு. முடி விரிந்து தலைவிரி கோலமானதை நைனா "பேய்" என்பார். காரைக்கால் அம்மையார் பேயுருவம் கேட்டு வாங்கி, தலையால் நடந்து வந்த எங்கள் ஊரில் அது வசவாகாது என்று அவர் நினைப்பு. "பேயைத் தனியா வை" என்றால் அது இனி தூசு தட்டவும், தகரத்துக்கு பிரைமர் அடிக்கவும் மட்டும். தூக்கிப் போட மாட்டார். பதவி இறக்கம்தான்.

கழுவுவதில் பாதி வேலை அடிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எனாமல் என்றால் பிரஷ்ஷை முதலில் டர்பன்டைனில் நனைத்து உதறு. எமல்ஷன் என்றால் தண்ணீரில். உள்ளே ஈரம் இருந்தால் பெயின்ட் தகரப் பட்டை வரைக்கும் ஏறாது. முடியில் பாதிக்கு மேல் முக்காதே. ஏசியன் பெயின்ட்ஸ் டப்பாவில் முன்பு கட்டு என்று ஒரு குறும்புப் பையன் படம் இருக்கும், ஆர். கே. லட்சுமண் 1954இல் வரைந்தது. கையில் பிரஷ், பிரஷ்ஷிலிருந்து பெயின்ட் சொட்டிக்கொண்டிருக்கும். நைனாவுக்கு அவனைப் பார்த்தாலே எரிச்சல். "இவனை நான் ஒருநாள் வேலைக்கு வச்சுக்க மாட்டேன்" என்பார்.

எனாமலுக்கும் எமல்ஷனுக்கும் வித்தியாசம் தெரியாமல் கழுவ உட்கார்ந்தால் இரண்டும் கெடும். எனாமல் காற்றைக் குடித்துக் காய்கிறது. அதனால் மறுநாளும் அதே கலர் என்றால் கழுவவே வேண்டாம், பிரஷ்ஷைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் போதும். காற்று படாது, காலையில் உதறிவிட்டு ஆரம்பிக்கலாம். தொங்கவிடு என்றேன், நிற்கவைக்காதே. கைப்பிடியில் ஓட்டை போட்டு ஆணி செருகி, டப்பா வாயில் ஆணி தங்குகிறமாதிரி விட வேண்டும். நிற்கவைத்தால் முடி மடங்கும், மடங்கினது பிறகு நிமிராது. எமல்ஷன் வேறு சாதி. தண்ணீரில் மிதக்கிற பொடிப் பொடி பிளாஸ்டிக், தண்ணீர் போனதும் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிறது. ஒட்டின பிறகு தண்ணீருக்குக் கட்டுப்படாது. இட்லி மாவைத் தண்ணீர் விட்டுக் கரைக்கலாம், இட்லியைக் கரைக்க முடியுமா? ஆகவே எமல்ஷனுக்குச் சாப்பாட்டு நேரத்தில்கூட ஈரத்துணி சுற்றிப் பிளாஸ்டிக் கவரில் போட்டுவிட வேண்டும். ரயிலில் அப்படிச் சுற்றி எடுத்து வந்து, பக்கத்தில் நின்றவர் செருப்பில் ஐவரி சொட்டி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

எனாமல் பிரஷ்ஷுக்கு மூன்று டப்பா. பட்டி பிளேடால் வழித்து, பேப்பரில் துடைத்து, முதல் டப்பாவில் அழுக்கு டர்பன்டைன், இரண்டாவதில் பாதித் தெளிந்தது, மூன்றாவதில் சுத்தமானது. அப்புறம் பார் சோப்பு, அகலப் பல் சீப்பால் ஒரு சீவு, பேப்பர் சுற்றி நூல் கட்டிப் படுக்கவைத்துவிடுவது. மூன்றுக்கும் சேர்த்து ஒரு டம்ளர் செலவாகாது. அழுக்கு டர்பன்டைனைக் கொட்டுகிற பழக்கமே எங்களிடம் கிடையாது. பாட்டிலில் ஊற்றி அசைக்காமல் ஒரு வாரம் வைத்தால் கலரெல்லாம் அடியில் இறங்கி மேலே தெளிவாக நிற்கும். அதை வடித்தால் மறுபடி முதல் டப்பாவுக்கு ஆச்சு. ஆனால் பாட்டில் விஷயத்தில் ஜாக்கிரதை. எங்கள் வேலையில் கிடைப்பது குவார்ட்டர் பாட்டில்தான். ஒருமுறை ஒரு சாரக்காரர் சாயங்காலம் அதை வாய்வரை கொண்டுபோய்விட்டார். வாசனை அடித்ததால் பிழைத்தார். அன்றிலிருந்து பாட்டில் கழுத்தில் சிவப்பு எனாமல் பட்டை போட்டுவைக்கிறேன்.

அடியில் இறங்கின வண்டலுக்கும் ஒரு வேலை உண்டு. எல்லாக் கலரும் கலந்து சேற்று நிறத்தில் இருக்கும். மாட்டுக்கொட்டாய் இரும்புக் கம்பத்துக்கும், கேட்டின் பின்பக்கத்துக்கும், தகரத்தின் அடிப்பக்கத்துக்கும் அதை அடிப்போம். துருவுக்குக் கலர் பார்க்கிற கண் கிடையாது.

எல்லாவற்றையும் கழுவி வைக்க வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். எனாமலில் ஓடிய ரோலரைக் கழுவ ஆகிற டர்பன்டைன் புது ரோலர் விலையைத் தாண்டும். நாற்றமும் அழுக்கும் மிச்சம். அதைக் காயவைத்துத் தூக்கிப் போடுவதுதான் புத்தி. எமல்ஷன் ரோலர் அப்படியில்லை. ஒன்பது இஞ்சு ரோலர் ஒரு டீ டம்ளர் பெயின்ட்டையாவது குடித்து வைத்திருக்கும். முதலில் அதைப் பட்டி பிளேடால் வழித்து வாளியிலேயே விட வேண்டும். அப்புறம் முதல் அலசு தண்ணீரைக் கொட்டாதே. அதே கலர் மறுநாள் முதல் கோட்டுக்குக் கலக்குவதற்கு அதுதான் தண்ணீர். மூடி போட்டு வைத்தால் ஒருநாள் தாங்கும், அதற்கு மேல் வைத்தால் அழுகல் வாடை. கடைசி அலசுக்குப் பிறகு கம்பியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மோர் கடைகிறமாதிரி உருட்டினால் பஞ்சிலிருக்கிற தண்ணீர் தெறித்துப் போகும். பஞ்சு பூத்து எழும்பி நிற்கும். நிமிர்த்தி வைத்துக் காயவிட வேண்டும், படுக்கவைத்தால் ஒரு பக்கம் தட்டையாகி சுவரில் வரி வரியாக விழும்.

மற்ற அலசு தண்ணீருக்கு என்ன செய்வது? பெரியவர் மோட்டாரை நிறுத்தின நாளிலிருந்து அது என் தலைவலி. டர்பன்டைன் மாதிரி இது தானாகத் தெளியாது. மூன்று நாள் வைத்தாலும் பால் பாலாகவே இருக்கும். என் மனைவிதான் வழி சொன்னாள். மழைக்காலத்தில் கலங்கின தண்ணீருக்குப் படிகாரம் சுற்றுவதில்லையா, இதற்கும் சுற்றிப் பாருங்களேன் என்றாள். இருபது லிட்டர் வாளித் தண்ணீரில் படிகாரத்தைக் கரைத்துக் கலக்கினேன். கொஞ்ச நேரத்தில் திரிந்த பால் மாதிரிக் கட்டி கட்டியானது. காலையில் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் தயிர். தண்ணீரைச் சிமென்ட் பூச்சுக்குக் கொடுத்துவிட்டேன். தயிரைச் சாக்கில் ஊற்றி வெயிலில் போட்டேன், இரண்டு நாளில் ரப்பர் தோல் மாதிரி உரிந்து வந்தது. ஊர்க் குப்பை வண்டி வந்தபோது தூய்மைக் காவலர் அம்மா அதைக் கையில் பிடித்துப் பார்த்து, "இது மக்குமாண்ணா, மக்காதா?" என்றார். மக்காது என்றேன். 2016இல் வந்த திடக்கழிவு விதிகளில் பெயின்ட் டப்பாவை வீட்டு அபாயக் குப்பை என்று தனியாகவே எழுதியிருந்தார்கள். விதி தனி, வண்டி ஒன்று. அந்த அம்மா மக்காத பக்கமே போட்டுக்கொண்டார்.

டப்பாவெல்லாம் காயலான் கடைக்கு. உள்ளே பெயின்ட் ஒட்டியிருந்தால் விலை குறைப்பார்கள், அதனால் வழித்துவிட்டுத்தான் போடுவோம். இருபது லிட்டர் வாளிக்கு மட்டும் எப்போதும் அடிதடி. வீட்டுக்காரர் ஒன்று, கொத்தனார் ஒன்று, எதிர் வீட்டு அம்மா மல்லிச் செடிக்கு ஒன்று. குடிதண்ணீரும் அரிசியும் மட்டும் வைக்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுப்பேன். மிஞ்சின எனாமலுக்கு மாட்டுப் பொங்கல் காத்திருக்கும். போகிக்கு முன்னால் ஒரு மாசம் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, அந்த வேலையிலெல்லாம் மிஞ்சின கால் டப்பா, அரை டப்பா கொம்புக்குப் போகும். எந்தக் கட்சிக்காரர் எந்தக் கலர் கேட்பார் என்று எனக்கு மனப்பாடம். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் தொண்ணூறு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பா பரணில் கிடந்தால் கொம்புக்குக் கொடுக்க மாட்டேன். மாடு ஒன்றை ஒன்று நக்கும். அந்தக் காலத்துக் கதவை உப்புத்தாளால் தேய்ப்பதும் தண்ணீர் தொட்டுத்தான், தூசு பறக்கக் கூடாது. உப்புத்தாளும் சும்மா போவதில்லை. எண்பதாம் நம்பர் தேய்ந்தால் நூற்றிருபது வேலை செய்யும், அதுவும் தேய்ந்தால் கடைசிக் கோட்டுக்கு முன்னால் ஒரு தடவு தடவ உதவும்.

துணியை மட்டும் மிச்சம் பிடிக்காதே என்பது நான் பட்டுத் தெரிந்தது. தேக்குக் கதவு ஒன்றுக்கு லின்சீட் ஆயில் தேய்த்துவிட்டு, துணி நல்ல துணி, நாளைக்கும் ஆகுமே என்று உருண்டையாகச் சுருட்டி மாடிப்படிக்கடியில் வைத்தேன். மத்தியானம் புகை. எவன் பீடி குடித்தான் என்று வீட்டுக்காரர் கத்திக்கொண்டு வந்தார். யாரும் குடிக்கவில்லை. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளப்பும், சுருட்டி வைத்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் துணியே பற்றிக்கொள்ளும். உருண்டையைப் பிரித்ததும் நடுவில் கருகியிருந்தது. இப்போது அந்தத் துணியை விரித்துக் கொடியில் போடுவேன், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கிவிடுவேன்.

வருஷத்துக்கு ஒருநாள் எல்லாப் பிரஷ்ஷும் ஒன்றாக வெளியே வரும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, கைப்பிடி வரைக்கும் சுரண்டித் தேய்த்துக் கழுவுவோம். நைனாவுடையது ஒன்று என்னிடம் இருக்கிறது. முடி இரண்டு விரல்கடை அளவுக்குத் தேய்ந்துவிட்டது, அதை வைத்து ஜன்னல் கம்பி மூலை தவிர வேறெதுவும் அடிக்க முடியாது. அதற்குத்தான் முதல் பொட்டு. என் மனைவி கட்டைக்கு மட்டும் வைத்தால் போதாது என்று தகரப் பட்டையிலும் சந்தனம் குழைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பாள். சொன்னால் கேட்க மாட்டாள். ஒரு வருஷம் அதைக் கவனிக்காமல் என் பிரஷ்ஷை அப்படியே எடுத்துக்கொண்டு போய், திருத்தணியில் ஒரு புது வீட்டு ஹால் சீலிங்கில் முதல் இழுப்பு இழுத்தேன். வெள்ளையில் ஒரு முழ நீளத்துக்கு ரோஸ் கோடு. வீட்டுக்காரம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, நல்ல சகுனம், இருக்கட்டும் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை, இரண்டு கோட் சேர்த்துக் கொடுத்தேன். அதிலிருந்து விஜயதசமியன்று காலையில், ஐந்தரை வண்டிக்கு முன்னால், குழாயடியில் உட்கார்ந்து பிரஷ்ஷிலிருந்து குங்குமத்தைக் கழுவிக்கொண்டிருப்பேன்.